மறு: காணொலி வழி ஆஜர் – எந்த முனையில் யார்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கோர்ட்டில் வீடியோ வழியாக ஆஜராவதற்குத் தமிழ்ச் சொல் தேடி நான்கு நாளாக ஓடும் இந்த மடல் இழையை இன்றுதான் முழுசாகப் படித்தேன். கோர்ட்டில் இந்த வாரம் வாய்தா அதிகம், மன்னிக்கவும். வந்த மடல்களில் பாதி, காணொலியா காணொளியா என்பதிலேயே போயிருக்கிறது. நான் காணொலி என்று எழுதுகிறவன். மற்றதை எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. பத்திரிகைகளில் இரண்டும் வருகின்றன, படிக்கிறவர்களுக்குப் புரிந்துதான் இருக்கிறது. குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது.

> கைதியை வீடியோவில் நீதிபதிக்குக் காட்டுவதை 'மெய்நிகர் நேர்நிறுத்தம்' எனலாமே?

வேண்டாம் ஐயா. ஆள் மெய்யாகவே சிறையில்தான் இருக்கிறான். நடுவர் (மாஜிஸ்திரேட்) நீட்டிக்கும் பதினைந்து நாள் காவலும் மெய்யான பதினைந்து நாள். 'நேர்' இன்னும் மோசம், ஏனென்றால் சட்டமே நேரையும் வீடியோவையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167-ஆம் பிரிவில் 2009 டிசம்பர் 31 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தைப் பாருங்கள். முதல் தடவை நேரில் கொண்டுவர வேண்டும். போலீஸ் காவலில் இருக்கிற வரை ஒவ்வொரு தடவையும் நேரில்தான். நீதிமன்றக் காவலை நீட்டிக்க மட்டும் நேரிலும் வரலாம், வீடியோ இணைப்பிலும் வரலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தின் 187-ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிவரும் வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று வாய்தா தள்ளிப்போன காலத்தை நான் பார்த்திருக்கிறேன், அதனால் வீடியோவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'நேர்' என்ற சொல்லை அதன் பெயருக்குள் நுழைக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்து அன்பர் 'முற்படுத்தல்' என்று எழுதியிருந்தார். அங்கே 'நீதிமன்றில் முற்படுத்தப்பட்டார்' என்பது தினசரிச் செய்தி நடை. எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இங்கே 'தப்பியோட முற்பட்டார்' என்று எஃப்ஐஆரில் எழுதி எழுதி, அந்தச் சொல்லுக்குப் போலீஸ் வாடை வந்துவிட்டது. 'முன்னிறுத்தல்' அந்தச் சிக்கலில்லாதது. இன்னொன்று, வக்கீலும் சாட்சியும் தாமாக வருகிறார்கள், காவலில் இருக்கும் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவன்) கொண்டுவரப்படுகிறான். முன்னிலையாதல், முன்னிறுத்தல் என்று வைத்துக்கொண்டால் தன்வினையும் பிறவினையுமாக அது தானாகவே பிரிந்துவிடும்.

> திரையில் தெரிகிறவன் இலக்கணப்படி படர்க்கை அல்லவா? முன்னிலை எப்படிப் பொருந்தும்?

ரசித்தேன். ஆனால் உச்ச நீதிமன்றம் 2003-லேயே பிரஃபுல் தேசாய் வழக்கில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் இருந்த ஒரு மருத்துவரின் சாட்சியத்தை வீடியோவில் பதியலாமா என்பது கேள்வி. எதிரியின் முன்னிலையில் என்றால் உடலோடு ஒரே அறையில் என்று மட்டுமே பொருள் கொள்ள வேண்டியதில்லை என்றது தீர்ப்பு. ஆகவே முன்னிலை இருக்கட்டும்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். இந்த இழையில் யாரும் தொடாத ஆள் ஒருவர் இருக்கிறார், கைதிக்கும் நடுவருக்கும் இடையில் மொழி மாற்றிச் சொல்பவர். அவரையும் ஆவணம் பெயர்ப்பவரையும் நாம் ஒரே சொல்லால், மொழிபெயர்ப்பாளர் என்கிறோம். இலங்கையில் வாயால் பெயர்ப்பவருக்கு உரைபெயர்ப்பாளர் என்ற சொல் அலுவலக வழக்கிலேயே இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். துபாஷி என்று நம்மிடமே ஒரு சொல் இருந்தது, ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குத் துபாஷி. இன்று அதைச் சொன்னால் கேட்பவர் அதற்கும் ஒரு துபாஷி தேடுவார்.

சில வருடம் முன்பு நடந்தது. செல்போன் திருட்டு வழக்கு, ஒடிசாப் பையன், இலவச சட்ட உதவியில் எனக்கு வந்தது. காவல் நீட்டிப்பு வீடியோவில். சிறையில் ஒரு சின்ன அறை, பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல் கடகடவென்று ஒரு மின்விசிறி. ஒடியா பேசத் தெரிந்த மில் சூப்பர்வைசர் ஒருவரைக் கோர்ட்டுக்கு வரவழைத்திருந்தார்கள். அவர் நின்றது சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில், மைக் இருந்தது பெஞ்ச் கிளார்க் மேசையில். நடுவர் கேட்டதை அவர் பணிவோடு, தணிந்த குரலில் ஒடியாவில் சொன்னார். பையன் ஒவ்வொன்றுக்கும் 'ஆக்ஞா, ஆக்ஞா' என்று தலையாட்டினான். ஒரு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த தடவை நேரில் கொண்டுவந்தபோது அவன் அதே சூப்பர்வைசரிடம் கேட்டது: "அன்றைக்கு டிவியில் என்ன கேட்டார்கள்?" கோர்ட் குறிப்பிலோ 'மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் விசாரிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. அவர் எங்கே நின்றார் என்பதைச் சொல்ல நம்மிடம் ஒரு சொல் இருந்திருந்தால், அதுவும் குறிப்பில் ஏறியிருக்கும்.

ஐரோப்பாவில் சர்ரே பல்கலைக்கழகம் தலைமையேற்று 2008-ல் தொடங்கிய, வீடியோ வழி உரைபெயர்ப்பைப் பற்றிய அவிடிகஸ் ஆய்வு இதைத்தான் முதலில் பிரித்துக்கொண்டது. இரண்டு இடங்களை வீடியோ இணைக்க, உரைபெயர்ப்பாளர் ஏதோ ஓரிடத்தில் இருப்பது ஒரு வகை. எல்லோரும் ஒரே அறையில் இருக்க, அவர் மட்டும் தொலைவிலிருந்து பேசுவது இன்னொரு வகை. முதல் வகையிலும் எந்தப் பக்கம் என்பது முக்கியம். கைதியின் பக்கத்தில் இருந்தால் காதோரம் முணுமுணுத்தபடியே கூடவே சொல்லிக்கொண்டு போகலாம். மன்றத்தில் இருந்தால் அது நடக்காது, ஒரே இணைப்பில் இரண்டு குரல் மோதும். ஒருவர் நிறுத்தி, அடுத்தவர் சொல்லி, மறுபடி தொடர வேண்டும். பத்து நிமிட விசாரணை இருபதாகும். அவசரத்தில் இருக்கும் கோர்ட் எதை விழுங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2020 காணொலி விதிகளில் 'கோர்ட் பாயிண்ட்', 'ரிமோட் பாயிண்ட்' என்று இரண்டு சொற்கள் உண்டு, கோர்ட் இருக்கும் இடமும் இணைப்பின் அடுத்த பக்கமும். இரண்டாவதற்குத் 'தொலைப்புள்ளி' என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருக்கிறார். எதற்கு? 'மறுமுனையில் பேசியவர்' என்று போனில் நாம் எப்போதோ சொல்லத் தொடங்கிவிட்டோம். மன்றமுனை, மறுமுனை. இவற்றோடு ஒட்டினால் மன்றமுனை உரைபெயர்ப்பு, மறுமுனை உரைபெயர்ப்பு. அவர் இந்த இரண்டு இடத்திலும் இல்லாமல் வேறெங்கோ இருந்தால் தொலை உரைபெயர்ப்பு. சிறையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தால் சிறைமுனை என்றும் எழுதலாம். 'முனை' என்றால் கத்தி முனை நினைவுக்கு வருகிறது என்று அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால் தெருமுனையிலும் நாம் நிற்க முடியாது.

எனக்குப் பிடிபடாதது ஒன்று. வக்கீலும் கைதியும் நடுவர் காதில் விழாமல் பேசிக்கொள்ளத் தனியாக ஓர் இணைப்பு வேண்டும், சில நாடுகளில் தருகிறார்கள். 'தனிப்பேச்சு இணைப்பு' என்றால் காதலர்கள் நினைவுதான் வருகிறது. 'கமுக்க இணைப்பு' (கமுக்கம் என்றால் ரகசியம்) கொஞ்சம் தேவலை. யாருக்காவது இதைவிட நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.

அப்புறம், நேற்று ஒரு மனுவில் சோதனையாக இந்தச் சொற்களைப் போட்டுக் கொடுத்தேன். மன்றமுனை, மறுமுனை, உரைபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் டைப்பிஸ்ட் அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் அடித்துக் கொடுத்துவிட்டார். முன்னிறுத்தல் வந்த மூன்று இடத்தில் மட்டும் 'ஆஜர்படுத்தல்' என்று மாற்றியிருந்தார். "சார், நீங்க தப்பா எழுதியிருந்தீங்க" என்றார். நான் திருத்தவில்லை, அப்படியே தாக்கல் செய்துவிட்டேன்.

அன்புடன்,
ஈரோட்டு வக்கீல்