டி.பி. ராஜலட்சுமி: பலகையில் எது முதல் வரி?

குடமுருட்டிக்கரையான் (பாபநாசம்):
எங்கள் ஊர் நூலகத்தில் காவிரிப் பக்கத்துக் கலைஞர்களுக்குப் பலகைகள் தயாராகின்றன. திருவையாறு டி.பி. ராஜலட்சுமி படத்துக்குக் கீழே "முதல் தமிழ்ப் பேசும்பட நாயகி, 'காளிதாஸ்', 1931" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது போதாது. 'மிஸ் கமலா'தான் முதலில் வர வேண்டும். 1936-ல் தானே கதை எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தவர் அவர். தென்னிந்தியாவில் அவருக்கு முன் எந்தப் பெண்ணும் படம் இயக்கியதில்லை. 'காளிதாஸ்' எடுத்தவர்கள் அவரைக் கூப்பிட்டு நடிக்க வைத்தார்கள். 'மிஸ் கமலா'வில் மற்றவர்களைக் கூப்பிட்டது அவர்.

மெலட்டூர் நாடகப்பித்தன்:
சார், "கூப்பிட்டு நடிக்க வைத்தார்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே. அன்றைக்குப் பின்னணிப் பாட்டு ஏது? கேமரா ஓடும்போதே நடிகை வாய் திறந்து பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் படத்தில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பார்கள். சுருதி விலகினாலோ யாராவது இருமினாலோ மொத்தத்தையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான். அதற்கு மேல், 'காளிதாஸி'ல் இவர் பேசியது தமிழ், எதிரே நின்ற நாயகன் பேசியது தெலுங்கு. அவர் எப்போது முடிப்பார் என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, முகத்தில் காதலும் குறையாமல் தமிழில் பதில் சொல்ல வேண்டும். யாரால் முடியும்? மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிப் பழகிய தொண்டை இருந்ததால்தான் முடிந்தது.

அந்தப் படத்தில் தியாகராஜ கீர்த்தனையும் உண்டு, காந்தியின் கைராட்டினத்தைப் பாடும் பாட்டும் உண்டு. காளிதாசன் காலத்துக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஜனங்கள் கேட்கவில்லை, ரசித்தார்கள். சென்னைக்குப் படப்பெட்டி வந்தபோது ரயிலடியிலிருந்து கொட்டகை வரை கூட்டம் பின்னாலேயே போயிருக்கிறது. ஜனங்களுக்கு அவரைத் தெரிந்தது இதனால்தான். 'மிஸ் கமலா' பிரதி ஒன்றுகூட இன்று கிடையாது. பார்க்காத படத்தை எதை வைத்து உயர்த்துவது?

குடமுருட்டிக்கரையான்:
'காளிதாஸ்' பிரதி மட்டும் இருக்கிறதா அண்ணே? அதுவும் அழிந்துபோனதுதான். நீங்களும் அதைப் பார்த்துவிட்டுப் பேசவில்லை. 'மிஸ் கமலா' நல்ல படம் என்று நான் எங்கே சொன்னேன்? ஒரு பெண் முதலாளியாகவும் இயக்குநராகவும் உட்கார்ந்தார் என்கிறேன். அதற்குப் படச்சுருள் தேவையில்லை. சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்து, அந்த வாழ்க்கை நிலைக்காமல், பிழைப்புக்காக மேடை ஏறிய பிராமண வீட்டுப் பெண் அவர். அன்றைய அக்கிரகாரம் என்னவெல்லாம் பேசியிருக்கும்! அங்கிருந்து கிளம்பி இந்த நாற்காலி வரை வந்திருக்கிறார். அப்புறம் 'மதுரை வீரன்' படத்தையும் இயக்கினார்.

வல்லம் செல்வி:
ஒன்று சொல்கிறேன். தஞ்சாவூர்க்காரரான டி.ஆர். ராஜகுமாரியை இன்றைக்கும் பேசுகிறோம். 'ஹரிதாஸ்', 'சந்திரலேகா' இரண்டும் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன, அதுதான் காரணம். ராஜலட்சுமிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் பலகையில் என்ன எழுதுகிறோமோ அதுதான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியப்போகிற ராஜலட்சுமி. பார்த்து எழுதுங்கள்.

மெலட்டூர் நாடகப்பித்தன்:
செல்வி சொல்வது சரி. அப்படியானால் மேடையை ஏன் இரண்டு பேரும் விட்டீர்கள்? தேசபக்திப் பாட்டுப் பாடிக் கைதானவர் அவர். சினிமா அவரை உருவாக்கவில்லை, உருவாகி நின்றவரை எடுத்துக்கொண்டது. முதல் வரி "நாடக நடிகை" என்றே இருக்கட்டும். அடுத்து 'காளிதாஸ்', அப்புறம் உங்கள் 'மிஸ் கமலா'. நடந்த வரிசையும் அதுதானே.

குடமுருட்டிக்கரையான்:
மேடைக்கு ஒரு வரி கட்டாயம் தர வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நூலகத்துக்கு வருகிறவர் முதல் வரியைப் படித்துவிட்டுச் செய்தித்தாள் பக்கம் போய்விடுவார். அந்த ஒரு வரியில் "இயக்குநர்" என்று இல்லாவிட்டால் அவர் படம் இயக்கினார் என்பதே இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாமல் போகும். நடிகை என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். நாளை கூட்டத்திலும் இதைத்தான் கேட்கப்போகிறேன்.