எங்க ஊர்ப் பள்ளிக்கு நூறு வயசு, பழைய படம் இருந்தா கொடுங்க

குடியாத்தம் சுத்துப்பட்டு உறவுகளுக்கு வணக்கம். எங்க ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு வர்ற தை மாசம் நூற்றாண்டு விழா. ஜில்லா போர்டு (அந்தக் கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பு) காலத்துல ஆரம்பிச்ச பள்ளி. எங்க பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல பிரிஞ்சது, 2019-ல வேலூர் மாவட்டமும் மூணாச்சு. அதனால பள்ளியோட பழைய பதிவேடு இப்ப எந்த ஆபீஸ்ல கிடைக்கும்னு தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

முக்கியமா படங்கள் வேணும். 1954 இடைத்தேர்தல்ல காமராசர் குடியாத்தத்துல நின்னு ஜெயிச்சாரே, அந்தப் பிரச்சாரப் படம், பிறகு வந்த மதிய உணவுப் படம், வகுப்பு குரூப் போட்டோ, எதுவானாலும் சரி. கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. ஸ்கேன் பண்ணி கையோட திருப்பிக் கொடுத்துடுவோம்.

வீட்ல தாத்தா பாட்டி இங்க படிச்சிருந்தா, அவங்க வாத்தியார் பேரையாவது கேட்டுச் சொல்லுங்க. எல்லார் பேரையும் பள்ளிச் சுவர்ல எழுதணும். இன்பாக்ஸ்ல வாங்க.