ஈறு இறங்கியதற்கு அறுவை செய்துகொண்டவர்கள்: மேலண்ணத்தில் திசு எடுத்த அனுபவம்

மழைத்துளி
கீழ் முன்பற்களில் வேர் வெளியே தெரிந்ததால் மேலண்ணத்திலிருந்து எடுத்து ஒட்டினார்கள். ஈறு பெரிதாக வலிக்கவில்லை. இன்னும் மனதை விட்டுப் போகாதது அண்ணம்தான். அன்று இரவு நாக்கை மேலே வைத்தால் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. விளக்கைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். ஈரல் துண்டு மாதிரி கருஞ்சிவப்பாக ஒரு ரத்தக்கட்டி தொங்கியது. ஓரத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. கையில் கொடுத்திருந்த காஸ் துணியை நனைத்து மடித்து, கட்டைவிரலால் அண்ணத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலை எடுத்தால் மறுபடி கசிவு. நெடுநேரம் எடுக்காமல் அழுத்திய பிறகுதான் நின்றது. இப்படி ஆகலாம், ஆனால் இதைச் செய்யுங்கள் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

நீலவானம்
எனக்கு ரத்தம் வரவில்லை. அண்ணத்துக்கு அளவெடுத்து ஒரு பிளாஸ்டிக் தகடு செய்து மாட்டிவிட்டார்கள், புண்ணில் எதுவும் படவில்லை. என்னை உலுக்கியது ஒட்டிய இடம். சில நாளில் அது வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. திசு செத்துவிட்டது என்றே நினைத்து அழுதேன். டாக்டர் பார்த்துவிட்டு, மேல்படலம்தான் உரிகிறது, அடியில் ரத்த ஓட்டம் பிடித்துவிட்டது, உதட்டை இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள் என்றார். அடுத்த முறை பார்த்தபோது வெள்ளைக்கு நடுவே கடுகளவு ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கார்த்திகை
அண்ணத்தை ஏன் தொட வேண்டும்? எனக்குச் செய்தது பின்ஹோல். ஈறுக்கு மேலே சின்னத் துளை, அது வழியாகக் கருவியை விட்டு ஈறை உள்ளிருந்தே தளர்த்தி இறக்கி, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன துண்டுகளைச் செருகினார்கள். ஒரே அமர்வில் மேல்வரிசையில் பல பற்கள் முடிந்தன. மரத்துப்போயிருந்தாலும் கருவி ஒரு பல்லைத் தாண்டி அடுத்ததற்கு நகர்வது உதட்டுக்கு உள்ளே தெரிந்தது. அந்த உணர்வு இன்னும் நினைவில் இருக்கிறது. இந்தக் காலத்திலும் அண்ணத்தை அறுக்கிறார்கள் என்பதை ஏற்கவே முடியவில்லை.

தேன்கூடு
கார்த்திகை, அப்படிச் சொல்லாதீர்கள். பின்ஹோல் இருக்கிற ஈறை நகர்த்துகிறது. நகர்த்தப் போதுமான ஈறே இல்லாமல், தாள் போல மெலிந்திருந்தால் என்ன செய்வது? கீழ் முன்பற்களில் பெரும்பாலும் அதுதான் நிலைமை. எனக்கும் அங்கேதான் ஒட்டினார்கள், நன்றாகப் பிடித்தது.

மழைத்துளி, அண்ணத்தில் எடுப்பதிலும் இரண்டு விதம் உண்டு. மேல்தோலோடு சீவி எடுத்தால் புண் திறந்தே இருக்கும், வலியும் கசிவும் அதிகம். தோலைத் திறந்து உள்திசுவை மட்டும் எடுத்துத் தைத்து மூடினால் அவ்வளவு இருக்காது, நிறமும் பக்கத்து ஈறோடு ஒத்துப்போகும். இனி செய்யப்போகிறவர்கள் எந்த விதம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று, பற்களுக்கு நடுவே எலும்பு எப்படி இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள். 1985-லேயே மில்லர் என்ற ஈறு மருத்துவர் ஈறு இறக்கத்தை வகைப்படுத்திவிட்டார்: நடுவில் இருக்கும் எலும்பும் ஈறும் குறையாமல் இருந்தால் வேர் முழுக்க மூட வாய்ப்பு உண்டு, குறைந்திருந்தால் ஓரளவுதான். புகைப்பவர்கள் நிறுத்திவிட்டுப் போங்கள், ஒட்டிய திசுவுக்கு ரத்தம் போதாது. பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தை விடாவிட்டால் மூடிய ஈறு மறுபடி இறங்கும். டாக்டர் சொல்லும்வரை அந்த இடத்தில் பிரஷ்ஷே படக்கூடாது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மட்டும். அதனால் பல்லில் பழுப்புக் கறை வரும், பயப்பட வேண்டாம், கிளீனிங்கில் போய்விடும்.

சாரல்
தேன்கூடு சொன்ன அந்த எலும்பு விஷயம் என் கதை. டாக்டர் மெல்லிய அளவுகோல் கம்பியை ஈறுக்குள் விட்டு ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு பல்லுக்கு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒட்டினாலும் வேர் மூடாது, முதலில் ஈறு நோயை அடக்குவோம் என்றார். ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். கூசிய வேருக்கு ஃபில்லிங் வைத்தார்கள். அறுவை இல்லை.

மழைத்துளி
என்னுடையது மேல்தோலோடு எடுத்ததுதான், இப்போதுதான் புரிகிறது. ஒட்டிய இடம் பக்கத்து ஈறைவிட வெளுப்பாகத் தனித்துத் தெரிகிறது, ஆனால் கெட்டியாக இருக்கிறது. மறுபக்கமும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நீலவானம், அந்தத் தகடு அவர்களாகவே கொடுத்தார்களா, நீங்கள் கேட்டு வாங்கினீர்களா?