ஆறு வயதுப் பையனின் முழங்கை எலும்பு பதினோரு வாரமாக ஒட்டவில்லை, இனி ஆபரேஷன் செய்யலாமா?

அல்சூர் அப்பா:
பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பையன் திண்ணையிலிருந்து விழுந்துவிட்டான். எக்ஸ்ரே கூட எடுக்காமல் பக்கத்து ஊரில் எண்ணெய் நீவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள், மூன்று வாரத்தில் சரியாகும் என்றார்கள், நம்பினோம். இப்போது கை முழுதாக நீளவில்லை, வெளிப்பக்கம் புடைப்பு. போன வாரம் பெங்களூரில் எடுத்த எக்ஸ்ரேயில் லேட்டரல் கண்டைல் முறிவு, அதாவது மேல்கை எலும்பின் கீழ்நுனியில் முழங்கைக்கு வெளிப்பக்கம் இருக்கும் குமிழ் உடைந்திருக்கிறது, ஒட்டவே இல்லையாம். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் நாளாகிவிட்டது, தொட்டால் கை இறுகிவிடும் என்கிறார். பையனுக்கு வலியே இல்லை, பந்து எறிகிறான். ஓடியாடுற பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்காதே என்று அம்மா அழுகிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஸ்ரீராம்புரம்காரன்:
அண்ணா, வலி இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். என் மாமாவுக்குச் சின்ன வயதில் இதே முறிவு, அப்படியே விட்டார்கள். வளர வளர முழங்கை வெளிப்பக்கமாகக் கோணி, உள்பக்க நரம்பு இழுபட்டு, நாற்பது வயதில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. சட்டைப் பொத்தான் போட அத்தை வர வேண்டும்.

எலும்பு டாக்டர்:
படம் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு டாக்டர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. இந்த முறிவு வளர்ச்சித் தட்டை, அதாவது குழந்தைகளின் எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதியை, தாண்டி மூட்டுக்குள் போவது. மூட்டு நீர் நடுவில் புகுந்து ஒட்ட விடாது, முன்கைத் தசையும் உடைந்த துண்டை இழுத்துக்கொண்டே இருக்கும், மூங்கில் பத்தை அதற்கு என்ன செய்யும்? துண்டுக்கு ரத்தம் பின்பக்கமாக வருகிறது. நாள்பட்ட பிறகு பழைய இடத்தில் கச்சிதமாக உட்கார வைக்கப் பின்பக்கத்தை உரித்தால் துண்டு செத்துப்போகலாம், மூட்டும் இறுகும். மூன்று வாரம் தாண்டினால் தொடாதே என்று முன்பு சொன்னது அதனால்தான். இப்போது பலர் செய்வது, பின்பக்கத்தைத் தொடாமல், துண்டு எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவில் நிறுத்தி, கை நன்றாக மடங்குகிறதா என்று பார்த்துக் கம்பியோ ஸ்க்ரூவோ போடுவது, தேவைப்பட்டால் இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து வைப்பது. படம் அழகாக இருக்காது, எலும்பு ஒட்ட வேண்டும், அதுதான் குறிக்கோள். ஆறு வயது என்றால் நான் இதைப் பற்றித் தீவிரமாகப் பேசுவேன். அப்புறம், இனி ஒரு சொட்டு எண்ணெய் போட்டும் நீவாதீர்கள், தசைக்குள் எலும்பு வளர்ந்துவிடலாம். ஜெயநகர் சஞ்சய் காந்தி மருத்துவமனையிலோ, நிம்ஹான்ஸ் பக்கத்து இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையிலோ காட்டுங்கள்.

கமலநகர் அம்மா:
என் மகளுக்கு உடைந்தது முழங்கைக்குச் சற்று மேலே, கோணலாக ஒட்டிக் கை உள்பக்கம் வளைந்துவிட்டது. ஆப்பு மாதிரி எலும்பை வெட்டி நேராக்கினார்கள். அது அவசரமில்லை என்றதால் ஒரு வருடம் பொறுத்தோம், உங்களுக்கு அப்படிப் பொறுக்க முடியாது போல. கட்டுப் பிரித்ததும் கை மரக்கட்டை மாதிரி இருந்தது, பயந்துவிடாதீர்கள். யாரையும் பிடித்து மடக்க விடாதீர்கள். அவளே விளையாடி விளையாடி மூன்று நாலு மாதத்தில் மடக்கினாள்.

அல்சூர் அப்பா:
திங்கட்கிழமை ஜெயநகர் போகிறோம். எக்ஸ்ரே மறுபடி எடுக்கணுமா?

எலும்பு டாக்டர்:
இருக்கிற படத்தைக் கொண்டுபோங்கள். நல்ல கையையும் படம் எடுக்கச் சொல்லலாம், ஒப்பிடத்தான். விரல் நுனியில் மரமரப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பையனிடம் கேளுங்கள்.