பின்சக்கர ஹப்புல பேரிங் கப்பு அசைய மாட்டேங்குது, எப்படி எடுக்கது?

கொளச்சல் டெம்போ:
டாடா 407 சின்ன லாரி, மீன் லோடு. இடது பின் ஹப்பை (சக்கரத்தோட நடுக்குடம்) வெளியே எடுத்தாச்சு. உள்பக்க டேப்பர் பேரிங் ரோலரெல்லாம் நொறுங்கி, கோன், அதான் பேரிங்கோட உள் வளையம், ஆக்சில் குழாயிலயே இறுகி நிக்கு. வெளி வளையமான கப்பு ஹப்புக்குள்ள. கப்புக்குப் பின்னால ஹப் துளையில உள்ள படி கப்போட சமமா இருக்கதால உளி வைக்க விளிம்பு கிடைக்கல. துரு இளக்குற ஆயில் ஊத்தி ஊறப்போட்டும் பிரயோஜனம் இல்ல. கேஸ் வச்சு சூடாக்கலாமா அண்ணே?

வடசேரி ஒர்க்‌ஷாப்:
கேஸ் வேண்டாம் வோய். ஹப் வார்ப்பிரும்பு, கப்பு எஃகு. சூட்டுல ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரியும், பிடி விடாது. செவக்க வச்சா துளை வட்டம் கோணிப்போகும். அலுமினிய ஹவுசிங்னா கதை வேற. 60 மி.மீ. துளையில 100 டிகிரி கூட்டினா 0.06 மி.மீ. விலகும், கப்பு தானா விழும்.

முதல்ல அந்தப் படியை நல்லா சுரண்டிப் பாரும். பல ஹப்புல எதிரெதிரா ரெண்டு வெட்டு விட்டிருப்பான், துருவும் கருகின கிரீஸும் அடைச்சுக் கெடக்கும். இருந்தா பித்தளைக் கம்பி வச்சு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு பைய அடியும். ஒரே பக்கம் அடிச்சா கப்பு சரிஞ்சு பூட்டிக்கிடும், துளையையும் கீறிடும்.

வெட்டு இல்லன்னா வெல்டிங்தான். கிரீஸை மண்ணெண்ணெய்ல கழுவி நல்லா உலர்த்தும், இல்லன்னா தீ பிடிக்கும். 2.5 மி.மீ. ராடு, 80 ஆம்பியர் பக்கம். ரோலர் ஓடுற சரிவு முகத்துல சுத்திவர ஒரு கோடு போடும். ஹப் மேல ராடு படக்கூடாது. ஆறும்போது அந்தக் கோடு சுருங்கி கப்பையும் உள்ளே இழுக்கும். ஹப்பைக் கவுத்து ரெண்டு தட்டு தட்டினா விழுந்துடும். தண்ணி ஊத்தி ஆத்தாதீரும், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

தக்கலை லேத்:
வெல்டிங் மெஷினோட எர்த் கிளாம்பை ஹப்புலயே மாட்டணும். ஹப் வண்டியில இருக்கும்போது சேஸில மாட்டி வெல்டு வச்சா கரண்ட் மத்த பேரிங் வழியா ஓடி ரோலர்ல குழி விழும்.

கோனுக்கு வெல்டிங் வேண்டாம், குழாயோட ஒட்டிக்கிட்டா அதுவே பெரிய வினை. 4 இஞ்ச் கிரைண்டர்ல கட்டிங் வீல் போட்டு, கோன் மேல சாய்வா ஒரு வெட்டு. முழுசா அறுக்காம அரை மி.மீ. விடணும். அப்புறம் அந்த வெட்டுல உளி வச்சு ஓங்கி ஒரே அடி. எஃகு கடினமா இருக்கதால ஓட்டாஞ்சில்லு மாதிரி பிளக்கும். சில்லு தெறிக்கும், கண்ணாடி போடாம தொடாதீங்க.

மார்த்தாண்டம் பைக்:
அதே மாதிரி கப்பையும் கிரைண்டர்ல அறுத்துடலாமே?

தக்கலை லேத்:
உள்ளேயிருந்து அறுக்கும்போது ஆழம் தெரியாது. ஹப் துளையிலயும் வெட்டு விழுந்துடும். வெல்டிங் மெஷின் இல்லாதவனுக்குத்தான் அது கடைசி வழி.

கொளச்சல் டெம்போ:
வெல்டு வச்சேன், கப்பு விழுந்துட்டு. கோனும் பிளந்தாச்சு. ஆனா புது கப்பு கையால அமுக்கினாலே பாதி போகுது. இறுக்கம் வர துளையில பஞ்ச் வச்சு புள்ளி குத்தலாமா?

வடசேரி ஒர்க்‌ஷாப்:
புள்ளி குத்தினா கொஞ்ச ஓட்டத்துல நசுங்கி கப்பு மறுபடியும் சுத்தும். எமரியால துருவை எடுத்துட்டு அளவு பாரும். 0.05 மி.மீ.க்குள்ள தளர்வுன்னா பேரிங் பிடிப்புப் பசை, லாக்டைட் 641 மாதிரி, தாங்கும். அதுக்கு மேலன்னா லேத்துல துளைக்குள்ள ஸ்லீவ் (உள்வளையம்) போடணும், இல்ல வேற ஹப்.

கப்பு உட்கார்ந்ததும் படிக்கும் கப்புக்கும் நடுவுல 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி பாக்குற மெல்லிய தகடு) நுழையுதான்னு சுத்திவரப் பாரும், நுழையக் கூடாது. பழைய கோனைப் புது கப்போட சேர்க்காதீரும். மீன் பெட்டி உப்புத்தண்ணி நேரா பின்சக்கரத்து மேலதான் வடியும், அதனால ஆயில் சீலையும் புதுசா மாத்தும். பழைய சீல் வழியா நுழைஞ்ச தண்ணிதான் இந்த பேரிங்கையே தின்னிருக்கும்.