ஐரோப்பிய ஜூனியர் பேட்மின்டன் போட்டிகளுக்கு மகளை இப்போதே அனுப்பலாமா?

கோவை_அப்பா:
வணக்கம். மகளுக்கு 14 வயது, பத்தாம் வகுப்பு போகிறாள். மாநில அளவில் 15 வயதுக்குட்பட்டோர் ஒற்றையரில் கால் இறுதி, சில சமயம் அரை இறுதி வரை வருகிறாள், ஆனால் அகில இந்தியத் தரவரிசைப் போட்டிகளில் தகுதிச் சுற்றைத் தாண்டுவதே பெரும்பாடு. இந்த நிலையில் அகாடமியில், பிப்ரவரி கடைசியில் நெதர்லாந்தின் ஹார்லெம், அதற்கடுத்த வாரம் பெர்லின் என இரண்டு ஜூனியர் போட்டிகளுக்குக் குழுவாகப் போகலாம், நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும் என்கிறார்கள். செலவு முழுக்க நம்முடையது, கூட வரும் கோச்சின் டிக்கெட்டையும் பெற்றோர்தான் பங்கு போட வேண்டும். கடன் வாங்கினால்தான் முடியும். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள், மகளோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். பிள்ளைகளை அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_கோச்:
சார், அந்த இரண்டும் 19 வயதுக்குட்பட்டோருக்கானவை. எதிரில் நிற்பது 17, 18 வயதுப் பெண்கள். இன்னொன்று, அகாடமி கூட்டிக்கொண்டு போகலாமே தவிர பெயர் கொடுக்க முடியாது, அதை இந்திய பேட்மின்டன் சங்கம்தான் செய்ய வேண்டும். பெயர் போனாலும் உலக ஜூனியர் தரவரிசையைப் பார்த்துத்தான் மெயின் டிராவில், அதாவது முதன்மைச் சுற்றுகளில், இடம்; தரவரிசைப் புள்ளி இல்லாதவர்கள் தகுதிச் சுற்றிலோ காத்திருப்போர் பட்டியலிலோ கிடப்பார்கள். இடம் உறுதியாகும் முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை எடுத்துவிட்டு முழிக்காதீர்கள். முதலில் அகாடமியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பெயர் போய்விட்டதா, பட்டியலைக் காட்டுங்கள்.

சேலத்து_அம்மா:
நாங்கள் என் பெண்ணை அனுப்பினோம். தகுதிச் சுற்றில் அரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது, அதோடு ஒற்றையர் அவ்வளவுதான், நாக்அவுட் இல்லையா, ஒரு முறை தோற்றால் வெளியே, அப்புறம் அந்த வாரம் முழுக்க கேலரியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாள், பிராக்டிஸுக்குக் கோர்ட் நேரமும் சரியாகக் கிடைக்கவில்லை, அறை வாடகையும் சாப்பாடும் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வீண் என்று சொல்ல மாட்டேன், தாய்லாந்து, இந்தோனேசியப் பிள்ளைகளின் கால் வேகத்தை நேரில் பார்த்த பிறகு இங்கே அவள் ஃபுட்வொர்க் செய்யும் விதமே மாறியது. ஆனால் கடன் வாங்கிப் பார்க்க வேண்டிய காட்சி இல்லை அது. போவதென்றால் இரட்டையருக்கும் கட்டாயம் பெயர் கொடுங்கள், குறைந்தது இன்னொரு மேட்சாவது கிடைக்கும்.

ஸ்மாஷ்_பிரியன்:
எல்லோரும் பயமுறுத்தினால் எப்படி? நம் சென்னைப் பையன் சங்கர் முத்துசாமி 2022ல் ஸ்பெயினின் சான்டாண்டரில் உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார். வெளியே போய் அடி வாங்காமல் யாரும் மேலே வந்ததில்லை.

மதுரை_கோச்:
தம்பி, உலக ஜூனியருக்கு நாமாகப் பணம் கட்டிப் போக முடியாது, நாட்டு அணியில் தேர்வாக வேண்டும். சங்கர் நாட்டின் முன்னணி ஜூனியராக ஆன பிறகு போனவர். இந்தப் பெண் இன்னும் அகில இந்திய மெயின் டிராவிலேயே கால் ஊன்றவில்லை. அதே உலக ஜூனியரில் சாய்னா 2008ல் தங்கம் வாங்கியது புனேயில், தன்வி சர்மா 2025ல் வெள்ளி வாங்கியது கவுகாத்தியில், இதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியா ஜூனியர் இன்டர்நேஷனல் பல முறை புனேயில் நடந்திருக்கிறது, வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கேயே வருவார்கள், ரயில் டிக்கெட் போதும். அகில இந்தியத் தரவரிசை ஏறினால், 15, 17 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டிக்கு சங்கமே தேர்வு செய்யும், அங்கே சம வயதுப் பிள்ளைகளோடு ஆட்டம். ஐரோப்பாவை விட அதுதான் உண்மையான பரீட்சை என்பேன்.

பாஸ்போர்ட்_மணி:
பரீட்சை என்றதும்தான் தோன்றியது, ஹார்லெமும் பெர்லினும் முடிய மார்ச் வந்துவிடுமே, அவளுக்குப் பத்தாவது பொதுத்தேர்வு இல்லையா? இதை யாருமே கேட்கவில்லை!
அதையும் மீறிப் போவதென்றால் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு (நெதர்லாந்து, ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது. பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, போட்டி நடத்துபவர்களின் அழைப்புக் கடிதம், பள்ளி விடுப்புக் கடிதம் எல்லாம் சேர்க்க வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். சளி, இருமலுக்கு வீட்டில் கிடக்கும் மாத்திரையை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள், அதில் சூடோஎபெட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து இருந்தால் ஊக்கமருந்துச் சிக்கல். பணத்துக்கு, விளையாட்டு வீரர்களுக்கு உதவும் மாநில அரசின் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்குக் கடன் வாங்கும் முன்பே விண்ணப்பித்துப் பாருங்கள்.

கோவை_அப்பா:
எல்லோருக்கும் நன்றி. பொதுத்தேர்வு விஷயத்தை மனைவி முதல் நாளே சொன்னாள், அகாடமியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெயர்ப் பட்டியலைக் கேட்டேன், இன்னும் காட்டவில்லை. இந்த வருடம் புனே நடந்தால் அதற்குப் பெயர் கொடுக்கச் சொல்லப்போகிறேன். மகளிடம் இன்று இரவு பேச வேண்டும், அதற்கு ஏதாவது யோசனை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.