கொட்டகையில் நிற்கும் இண்ட்-சுசுகி

குழு: மேலத்தெரு சொந்தங்கள்
ஞாயிறு, காலை 8:05

கார்த்திக்: [படம்] அப்பா, நாளைக்கு வெள்ளை அடிக்க ஆள் வருகிறார்கள். கொட்டகையைக் காலி செய்தாக வேண்டும். இந்த டிவிஎஸ் இண்ட்-சுசுகி பைக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா? பத்து மணிக்கு வருவதாக இரும்புக்காரர் சொல்லியிருக்கிறார்.

முருகேசன்: தொடாதே.

கார்த்திக்: ஓடாத வண்டி அப்பா. டேங்கில் எலி குடித்தனம் நடத்துகிறது.

முருகேசன்: 1986-இல் வாங்கியது. நெசவாளர் சொசைட்டிக்கு நூல் மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு கடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் எத்தனை நடை போயிருப்பேன் தெரியுமா? ஒரு நாள் கூட வழியில் நிற்கவில்லை.

வசந்தா: அண்ணா, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்து வந்ததும் அதில்தானே. மூன்று பேர் ஒரே வண்டியில்.

கார்த்திக்: அப்பா, டிவிஎஸ் என்றால் நம் ஊர் வண்டிதானே. அதில் எதற்கு சுசுகி என்று எழுதியிருக்கிறது?

தினேஷ்: [பலமுறை பகிரப்பட்டது] ஜப்பானில் ஓர் ஏழைச் சிறுவன். போர் முடிந்து சாப்பாட்டுக்கே வழியில்லை. ராணுவம் தூக்கி எறிந்த ரேடியோ இன்ஜினை எடுத்து சைக்கிளில் கட்டினான். ஊரே சிரித்தது. அவன்தான் இன்று உலகம் போற்றும் சுசுகி! முயற்சி திருவினையாக்கும். பத்துப் பேருக்குப் பகிரவும்.

நித்யா: தினேஷ் அண்ணா, அது சுசுகி இல்லை, ஹோண்டா. ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தரும் சின்ன இன்ஜினை 1946-இல் சைக்கிளில் பொருத்தியவர் சொயிசிரோ ஹோண்டா. அப்போது அவருக்கு நாற்பது வயது, சிறுவனும் இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் ஊர் ஒன்றுதான். நான் இப்போது இருக்கும் ஹமாமட்சு.

தினேஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்திக்: அண்ணா, அதற்குள் நான் படித்துவிட்டேன்.

செல்வி: நித்யா, சாப்பிட்டாயா?

நித்யா: சாப்பிட்டேன் அம்மா. இங்கே மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. பெரியப்பா, சுசுகி எதில் ஆரம்பித்தது தெரியுமா? தறியில்.

முருகேசன்: என்ன தறி?

நித்யா: நெசவுத் தறிதான் பெரியப்பா. இங்கே சுசுகி தலைமை அலுவலகத்துக்கு எதிரிலேயே அவர்களுடைய அருங்காட்சியகம் இருக்கிறது. போன மாதம் போயிருந்தேன். மூன்றாவது மாடியில் பழைய பைக், கார் எல்லாம் பார்க்கலாம் என்றுதான் ஏறினேன். ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது மரத்தில் செய்த தறி. [படம்]

முருகேசன்: இரு. கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறேன்.

முருகேசன்: இது மிதித் தறி. நம் குழித்தறி மாதிரி பள்ளத்தில் கால் விட்டு உட்காருவது இல்லை, மேடைத் தறி. யார் செய்தது?

நித்யா: மிச்சியோ சுசுகி. 1887-இல் பிறந்தவர், விவசாயக் குடும்பம். அந்தப் பக்கம் முழுக்கப் பருத்தி, வீட்டுக்கு வீடு நெசவு. பதினான்கு வயதில் ஒரு தச்சரிடம் வேலை கற்கச் சேர்த்துவிட்டார்கள். ரஷ்யாவோடு போர் வந்ததும் வீடு கட்டுவோர் இல்லை, தச்சு வேலை படுத்துவிட்டது. அந்த ஆசாரி தறி செய்யும் வேலைக்கு மாறினார், பையனும் கூடவே மாறினான். 1908-இல் தன் அம்மா நெய்வதற்காக ஒரு மிதித் தறி செய்து கொடுத்தார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் கேட்க, 1909-இல் பட்டுப்புழு வளர்த்த கொட்டகையில் பட்டறை போட்டார்.

வசந்தா: கேட்டாயா கார்த்தி? அவனவன் கொட்டகையில் கம்பெனியே வைத்திருக்கிறான். நீ காலி செய்கிறாய்.

முருகேசன்: வேறு என்ன செய்தார்? வெறும் மிதித் தறி என்றால் அப்போதே நிறையப் பேர் செய்திருப்பார்களே.

நித்யா: ஊடையில், அதாவது குறுக்கு நூலில், நிறம் மாற்றுகிற தறி. குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா இரண்டு, அவற்றை வைக்கிற பெட்டி தானே ஏறி இறங்கும். 1912 வாக்கில்.

முருகேசன்: அப்படிச் சொல்! பிள்ளைகளுக்குப் புரியாது, நான் சொல்கிறேன். துணியில் நீளவாக்கில் கோடு வேண்டுமென்றால் கஷ்டமே இல்லை. பாவு, அதாவது நீள நூல், ஓட்டும்போதே கலர் நூலை இடையில் சேர்த்துவிட்டால் போதும். குறுக்கே கோடு வேண்டுமென்றால்தான் வம்பு. பத்து இழை வெள்ளை, நான்கு இழை சிவப்பு என்றால், ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்தி, வெள்ளை நாடாவை எடுத்துவிட்டுச் சிவப்பு நாடாவைப் போட வேண்டும். கட்டம் போட்ட கைலிக்கு ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல் கை மாற்றியிருக்கிறேன். எண்ணிக்கை ஒன்று தப்பினால் கட்டம் கோணும், சொசைட்டியில் கூலி பிடிப்பார்கள். பெட்டி தானாக ஏறி இறங்கினால் பாதி உயிர் மிச்சம்.

நித்யா: கைலி என்றதும் இன்னொன்று. பின்னால் அவர்கள் செய்த ஒரு தறிக்கு பெயரே சாரோங் தறி. தென்கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள்.

முருகேசன்: சாரோங் என்றால் கைலிதானே! இலங்கையில் சாரம் என்பார்கள். ஆக, நம் தொழில்காரர். இத்தனை வருஷம் அவர் வண்டியை ஓட்டியிருக்கிறேன், இது தெரியாமல்.

கார்த்திக்: சரி அப்பா, தறி நன்றாகப் போனால் எதற்கு வண்டிக்கு வந்தார்?

முருகேசன்: உன் தாத்தா தறி எந்த வருஷம் வாங்கியது?

கார்த்திக்: தெரியாது.

முருகேசன்: எனக்கும் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்னால். கடைசி வரை அதே தறிதான். தறி விற்பவனுக்கு ஒரு வீட்டில் ஒரு தடவைதான் வியாபாரம். அவர் நல்ல தறி செய்திருந்தால், அதுவே அவருக்கு எதிரி.

நித்யா: அதேதான் பெரியப்பா. 1920-இல் முறையாகக் கம்பெனியாக்கினார், 1937-இல் கார் செய்யும் வேலையைத் தொடங்கிவிட்டார். இங்கிலாந்து ஆஸ்டின் செவன் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் 800 சிசிக்கும் குறைவான இன்ஜினோடு சில மாதிரிக் கார்கள் தயார். அதற்குள் போர் வந்து, சொந்தக் கார் அத்தியாவசியம் இல்லை என்று அரசாங்கம் நிறுத்திவிட்டது. போர் முடிந்ததும் திரும்பவும் தறி. அமெரிக்கா பஞ்சு அனுப்பியது, கொஞ்ச நாள் நல்ல ஓட்டம். 1951-இல் பருத்திச் சந்தை சரிந்தது.

முருகேசன்: நூல் விலை ஆடினால் முதலில் தறிக்காரன் விழுவான், அப்புறம் தறி செய்கிறவன். ஊர் எதுவானாலும் இதுதான்.

நித்யா: அப்போதுதான் மாப்பிள்ளை வருகிறார். மிச்சியோவின் மருமகன் ஷுன்சோ. மீன் பிடித்துவிட்டு சைக்கிளில் எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு திரும்பும்போது, இதில் ஒரு இன்ஜின் இருந்தால் என்ன என்று தோன்றியதாம். இந்த ஊர்க் காற்றை எனக்கும் தெரியும். ஜனவரியில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

செல்வி: ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிறாயா இல்லையா?

நித்யா: போடுகிறேன் அம்மா. 1952 ஜூனில் பவர் ஃப்ரீ வந்தது. 36 சிசி, சைக்கிளில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதில் ஒரு கெட்டிக்காரத்தனம்: மிதித்துக்கொண்டே இன்ஜின் உதவியும் வாங்கலாம், இன்ஜினை விலக்கிவிட்டு வெறும் சைக்கிளாகவும் மிதிக்கலாம், மிதியை விலக்கிவிட்டு இன்ஜினிலேயே போகலாம். அரசாங்கக் காப்புரிமை அலுவலகமே ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. 1954-இல் மாதம் 6,000 வண்டி. அந்த வருடம்தான் பெயரிலிருந்து தறி போய், சுசுகி மோட்டார் என்று ஆனது. அடுத்த வருடமே 360 சிசியில் சுசுலைட் கார்.

தினேஷ்: ஃபார்வர்டில் நான் கோட்டை விட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இனி வருவது எனக்கு நன்றாகத் தெரிந்த கதை, ரேஸ் கதை. யாரும் குறுக்கே வராதீர்கள்.

கார்த்திக்: ஆரம்பியுங்கள் அண்ணா.

தினேஷ்: 1960-இல் சுசுகி முதல் தடவையாக மேன் தீவில் நடக்கும் டிடி என்ற பைக் ரேஸுக்குப் போனது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அப்போது டூ ஸ்ட்ரோக்கில் ராஜா என்றால் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனி. அங்கே வால்டர் காடன் என்று ஒரு இன்ஜினியர். புகைக்குழாயின் வடிவத்தை மாற்றினால், வெளியே போகிற புகையின் அலையே திரும்பி வந்து, தப்பிப் போகும் புது பெட்ரோல் காற்றை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் வண்டியை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 செப்டம்பரில் ஸ்வீடன் ரேஸ். டெக்னர் 125 சிசி உலகப் பட்டத்தை வாங்கும் தூரத்தில் இருந்தார். இன்ஜின் பழுதாகி நின்றது. அன்றோடு ஆள் மேற்கே தப்பிவிட்டார். அதே நேரத்தில் அவர் மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு காரின் டிக்கியில் ஒளித்து எல்லை தாண்ட வைத்தார்கள்.

வசந்தா: பிள்ளைகளை டிக்கியிலா! ஐயோ.

தினேஷ்: பெர்லின் சுவர் எழுப்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது அத்தை. நேராக சுசுகிக்குப் போனார், காடனின் ரகசியங்களோடு. 1962-இல் 50 சிசி டிடி வெற்றி, அந்த வருடமே உலகப் பட்டம். சுசுகிக்கு முதல் பட்டம்.

முருகேசன்: மாப்பிள்ளை, அந்த காடன் என்ன ஆனார்?

தினேஷ்: எம்இசட்டிலேயே இருந்தார் மாமா.

முருகேசன்: பக்கத்துத் தறிக்காரன் டிசைனை எடுத்தால் பஞ்சாயத்து. நாடு விட்டு நாடு கொண்டுபோனால் பட்டமா? இது எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியை நான் விட மாட்டேன், அது வேறு. ஆனால் இது பிடிக்கவில்லை.

தினேஷ்: அந்த நாட்டில் அவர் வாழ்ந்த நிலைமையையும் பார்க்க வேண்டும் மாமா.

முருகேசன்: தப்பிப் போனதைக் குற்றம் சொல்லவில்லை. சுமந்துகொண்டு போனதைச் சொல்கிறேன்.

கார்த்திக்: பஞ்சாயத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். நித்யா, நம் வீட்டு மாருதி 800 கதைக்கு வா.

நித்யா: அதற்கு முன்னால் தலைவர்கள் பட்டியலைக் கேளுங்கள் அண்ணா. 1957-இல் மிச்சியோ விலகியதும் ஷுன்சோ, மருமகன். 1973-இல் ஜிட்சுஜிரோ, அவரும் மிச்சியோவின் மருமகன். 1978-இல் ஒசாமு, ஷுன்சோவின் மருமகன்.

தினேஷ்: ஒரு நிமிஷம். மூன்று பேரும் வீட்டோடு மாப்பிள்ளைகளா?

நித்யா: அதற்கும் மேலே. பெண் வீட்டுப் பெயரையே ஏற்றவர்கள். ஒசாமு பிறந்தபோது மட்சுதா, கல்யாணத்துக்குப் பிறகு சுசுகி. முன்னால் வங்கியில் வேலை பார்த்தவர். மருமகனையே பிள்ளையாகத் தத்து எடுப்பது இங்கே பழைய வழக்கம்.

தினேஷ்: அத்தை, இந்தச் செய்தியை நட்சத்திரமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வசந்தா: வைத்தேன் மாப்பிள்ளை. அவர்கள் கார் ஓட்டினார்கள். நீங்கள் மோட்டாரைப் போடுங்கள், டேங்கில் தண்ணீர் இல்லை.

கார்த்திக்: அத்தை!

நித்யா: ஒசாமு கடைசி வரை சிக்கனக்காரர். 1979-இல் ஆல்ட்டோ வந்தது, விலை 4,70,000 யென். எப்படி முடிந்தது என்றால், அதைப் பயணிகள் கார் என்று பதிவு செய்யாமல் சரக்கு வேன் வகையில் பதிவு செய்தார்கள். பின் சீட்டு பேருக்குத்தான் இருக்கும். பயணிகள் காருக்கு அப்போது இருந்த வரி வேனுக்குக் கிடையாது. காய்கறி வாங்கப் போகிற பெண்களுக்கு முன்சீட்டு போதும் என்று கணக்குப் போட்டார்கள். பிய்த்துக்கொண்டு போனது. அந்த வம்சத்தில் வந்ததுதான் மாருதி 800, மூன்று சிலிண்டர், 796 சிசி.

கார்த்திக்: அதுதான் 1983 டிசம்பர் 14, இந்திரா காந்தி சாவி கொடுத்தது.

நித்யா: ஆமாம். மாருதியோடு சுசுகி போட்ட ஒப்பந்தம் 1982 அக்டோபரில் கையெழுத்தானது, சுசுகிக்கு 26 சதவீதம். அதே மாதம்தான் மிச்சியோ இறந்தார், 95 வயதில். அருங்காட்சியகத்தில் இரண்டு தேதிகளையும் என் மனதில் சேர்த்துப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

வசந்தா: அம்மாவுக்குத் தறி செய்தவரா? பாவம், நன்றாக வாழ்ந்துதான் போயிருக்கிறார்.

நித்யா: ஒசாமு 2024 கிறிஸ்துமஸ் அன்று இறந்தார், 94 வயது. அவரும் தன் மருமகனிடம்தான் கம்பெனியைக் கொடுக்க நினைத்திருந்தார், ஆனால் அந்த மருமகன் 2007-இல் புற்றுநோயில் இறந்துபோனார். பிறகுதான் ஒசாமுவின் மகன் தொஷிஹிரோ 2015-இல் தலைவராக வந்தார்.

கார்த்திக்: என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. டிவிஎஸ்ஸில் சுசுகி எங்கே வந்தது?

முருகேசன்: அது எனக்குத் தெரியும். 1982-இல் இரண்டு கம்பெனியும் சேர்ந்தன. ஓசூரில் தொழிற்சாலை. 1984-இல் 100 சிசி வண்டி வந்தது, இண்ட்-சுசுகி என்று. அதற்கு முன்னால் நம் தெருவில் இருந்ததெல்லாம் புல்லட், ராஜ்தூத், இல்லையென்றால் டிவிஎஸ் 50. இது வந்ததும் ஒரே உதையில் பிடித்துக்கொண்டது, சின்ன சத்தம், கொஞ்சம் நீலப் புகை. 2001-இல் பிரிந்துவிட்டார்கள். நான் பிரியவில்லை.

தினேஷ்: மாமா, கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறப் போட்டால் ஓடலாம். டேங்கை மட்டும் வெளியே கொடுத்துத் துரு எடுக்க வேண்டும். நான் மாலையில் வருகிறேன்.

வசந்தா: முதலில் மோட்டார், மாப்பிள்ளை.

முருகேசன்: நித்யா, அந்தத் தறிப் படத்தில் அடிப்பக்கம் தெரியவில்லை. மிதியிலிருந்து மேலே கயிறு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பெட்டி ஏறி இறங்குகிற தறி இருந்தால் அதையும் பக்கவாட்டில் எடு. குனிந்து எடு.

நித்யா: குனிந்தால் காவலர் என்ன நினைப்பார் பெரியப்பா! சரி, முன்பதிவு செய்துவிட்டு அடுத்த சனிக்கிழமை போகிறேன். வீடியோவாகவே எடுத்து அனுப்புகிறேன்.

கார்த்திக்: அப்பா, இரும்புக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். என்ன சொல்வது?

முருகேசன்: பழைய கிரைண்டரையும் உடைந்த கட்டிலையும் கொடு. வெயிலில் வந்திருப்பார், மோர் கொடுத்து அனுப்பு. வண்டியைத் திண்ணைக்குத் தள்ளிக்கொண்டு வா. ஸ்டாண்டு இறுகியிருக்கும், உதைக்காதே, எண்ணெய் விடு.